வரைபடத்தில் ஏறாத சடக்குகள்: ஈப்போவின் மிதிவண்டிப் பாதைகளும் கணினி மாதிரிகளும்

1. கேள்வி

1942 ஜனவரி 7, விடிவதற்கு முன். மலாயாவின் பேராக் மாநிலத்துத் தென்கோடியில், துரோலாக்குக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே, 11ஆவது இந்திய டிவிஷன் நெடுஞ்சாலையை மறித்து நின்றது. சில மணி நேரத்தில் ஜப்பானிய டாங்கிகள் அந்தத் தடுப்பைப் பிளந்துகொண்டு போய்விட்டன. நெடுஞ்சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுச் சாலைகள் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிப் புல் மண்டிக் கிடந்தன. டாங்கிகளில் சில அவற்றில் இறங்கிச் சுற்றி வந்து, தடுப்பு வரிசைக்குப் பின்னால் தலைகாட்டின. அதற்கு முந்தைய வாரங்களில் ஆயிரக்கணக்கான ஜப்பானியச் சிப்பாய்கள் மிதிவண்டியில் தெற்கே வந்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் எதிர்ப்பு வலுத்த இடங்களில் தோட்டத்துச் சடக்குகளுக்குள் புகுந்து பக்கவாட்டில் வளைத்தார்கள்.

போர் வரலாறு இதை வியூகத்தின் வெற்றியாகப் பதிவு செய்கிறது. பாதை வகுப்பவருக்கு இதில் வேறொரு செய்தி உண்டு. பேராக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சாலை வலைகள் இருந்தன. ஒன்று அரசாங்கத்தின் தார்ச் சாலை. மற்றது தோட்டமும் லம்பம் எனப்படும் ஈயச் சுரங்கமும் தம் தேவைக்காக வெட்டிய மண் சடக்கு. இரண்டாவது வலையில்தான் பால்மரம் வெட்டியவர்களின் சைக்கிள்கள் ஓடின.

இன்று நகரங்களின் மிதிவண்டிப் பாதைகள் கணினியில் திட்டமிடப்படுகின்றன. சாலை வலை, மேடு பள்ளம், குடியிருப்பு, வேலையிடம், பள்ளி எல்லாவற்றையும் புவியியல் தகவல் முறைமையில் அடுக்கி, எங்கே பாதை போட்டால் எத்தனை பேர் ஓட்டுவார்கள் என்று மாதிரிகள் மதிப்பிடுகின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த இந்த மாதிரிகளை ஈப்போவுக்கும் அதைச் சுற்றியிருந்த முன்னாள் தோட்டப் பகுதிகளுக்கும் கொண்டுவந்தால் அவை எதைக் காணும், எதைக் காணாமல் விடும்? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். எத்தனை பேர் ஓட்டுவார்கள் என்ற கணக்கைவிட, வழி எங்கே அறுந்திருக்கிறது என்ற கணக்கையே ஈப்போ முதலில் போட வேண்டும் என்பது இதன் வாதம்.

2. மாதிரிகள் எண்ணும் விதம்

வழி தேடும் எந்தச் செயலிக்கும் மூலம் 1956இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கண்ட படிமுறை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில், தாளும் பேனாவும் இல்லாமல், இருபது நிமிடத்தில் அதை யோசித்ததாக அவரே பின்னாளில் சொன்னார். ஆர்மாக் என்ற புதிய கணினியின் திறனைப் பொதுமக்களுக்குக் காட்ட, நெதர்லாந்தின் 64 ஊர்களை வைத்து மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கச் செய்தார்கள். படிமுறை 1959இல் அச்சேறியது. அதற்குச் சந்திப்புகள் கணுக்கள்; சாலைத் துண்டுகள் இணைப்புகள்; ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு விலை. அந்த விலை தூரமாகவோ நேரமாகவோ ஏற்றமாகவோ பயமாகவோ இருக்கலாம். எந்த விலையை ஊட்டுகிறோமோ அதற்கேற்ற வழியைத்தான் கணினி தரும். பட்டியலில் இல்லாத இணைப்பு அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

மிதிவண்டித் திட்டமிடலில் இந்த அடித்தளத்தின்மேல் இரண்டு வகை மாதிரிகள் எழுந்துள்ளன.

முதலாவது தேவையை மதிப்பிடுவது. இதில் பெயர்பெற்றது, ராபின் லவ்லேசும் அவருடைய குழுவினரும் பிரிட்டன் போக்குவரத்துத் துறைக்காக உருவாக்கி 2017இல் ஆய்விதழில் விளக்கிய கருவி. 2011 மக்கள் கணக்கெடுப்பில், எந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் எந்தப் பகுதிக்கு வேலைக்குப் போகிறார்கள், எதில் போகிறார்கள் என்ற அட்டவணை இருந்தது. அப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மிதிவண்டியில் வேலைக்குப் போனவர்கள் ஏறத்தாழ 3 விழுக்காடு. ஒவ்வொரு பயணத்தின் தூரத்தையும் ஏற்றத்தையும் கொண்டு, நிலைமை மாறினால் அந்த விழுக்காடு எவ்வளவு உயரும் என்று கருவி கணிக்கிறது. அதே தூரத்தை, அதே ஏற்றத்தை ஒரு டச்சுக்காரர் எவ்வளவு வாய்ப்போடு மிதிப்பாரோ அதே வாய்ப்பைப் பிரிட்டன்காரருக்கும் கொடுத்துப் பார்ப்பது அதன் காட்சிகளில் ஒன்று. பின்னர் பள்ளிப் பயணங்களும் சேர்க்கப்பட்டன.

இரண்டாவது வகை தலையை எண்ணுவதில்லை, சாலையை மதிப்பிடுகிறது. மாஸா மெக்குரியா, பீட்டர் ஃபர்த், ஹிலரி நிக்ஸன் மூவரும் 2012இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இதற்கு அடிப்படை. போக்குவரத்து அழுத்தத்தை அவர்கள் நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் நிலைச் சாலையில் சிறுபிள்ளையை விடலாம். இரண்டாவது, பெரும்பாலான பெரியவர்கள் தாங்கிக்கொள்வது. மூன்றாவது, பழகியவர்களுக்கு. நான்காவது, அஞ்சாதவர்களுக்கு மட்டும். ஒரு வழியின் நிலையை அதன் சராசரி தீர்மானிப்பதில்லை. அதிலுள்ள மிக மோசமான துண்டே தீர்மானிக்கிறது. நாலு கிலோமீட்டர் அமைதியான சந்து, நடுவில் ஆறு தடச் சாலையைக் கடக்கும் ஓரிடம் என்றால், மொத்த வழியும் நான்காம் நிலைதான்.

சான் ஹோசேயின் தெருக்களில் பெரும்பகுதி அமைதியானவை. ஆனாலும் பத்துக் கிலோமீட்டருக்கு உட்பட்ட வேலைப் பயணங்களில் இரண்டாம் நிலைக்குள் முழுதாக இணைந்திருந்தவை 4.7 விழுக்காடு மட்டுமே. அமைதியான தெருக்கள் தனித்தனித் தீவுகளாகக் கிடந்தன. தேர்ந்தெடுத்த சில துண்டுகளைச் சரிசெய்தால் அந்த எண் 12.7 விழுக்காடாக உயரும் என்று அறிக்கை கணக்கிட்டது. எங்கே கை வைப்பது என்று அது சொன்னது. யார் எங்கே வேலைக்குப் போகிறார் என்ற அட்டவணையே இல்லாவிட்டாலும் தெருக்களின் நிலையை அளந்துவிட முடியும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு முன்னூகம் உண்டு: சாலை வலை சரியாக வரையப்பட்டிருக்கிறது என்பது. லண்டனிலும் சான் ஹோசேயிலும் அது பெரும்பாலும் உண்மை. ஈப்போ அமைந்திருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் அதைச் சோதித்த பிறகே ஏற்க வேண்டும்.

3. ஈயமும் ரப்பரும் வரைந்த நிலம்

ஈப்போ ஈயத்தால் எழுந்த ஊர். கிந்தா ஆறு பழைய நகரையும் புதிய நகரையும் பிரிக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள். லம்பம் தோண்டி விட்டுப்போன குட்டைகள். மெங்லெம்பு, லஹாட், பாப்பான், பூசிங், கோப்பெங், கம்பார் ஆகியவை ஈயத்தோடு வளர்ந்தவை. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது இவற்றின் பழைய பொருளாதாரம் முடிவுக்கு வந்தது.

ரப்பரின் கதை இதே மாநிலத்தில் இன்னும் முன்பே தொடங்கியது. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் சிலவற்றைப் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ குவாலா கங்சாரில் நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட், செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா, கோப்பெங் பக்கமெல்லாம் தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள் லயங்களில் குடியேற்றப்பட்டார்கள். பத்து காஜா அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காமல் விட்டுப்போன மாளிகையை இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கிறார்கள். அந்த மாளிகையைப் பிழைக்கவைத்த கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் வழிகளைப் பார்க்க யாரும் வருவதில்லை.

தோட்டத்தின் வழிகளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. லயத்திலிருந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஒரு வழி. அங்கிருந்து வெட்டுக்காட்டுக்குக் கிளைகள். வெட்டுக்காட்டிலிருந்து பால் நிறுக்கும் கொட்டகைக்கு, அங்கிருந்து ஆலைக்கு. கோவில், பள்ளி, கள்ளுக்கடை, கிராணியார் வீடு எல்லாம் இந்த மரத்தின் கிளைகளில் தொங்கின. வெளி உலகத்துக்குப் போவது ஒன்றிரண்டு வழிகளில் மட்டும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்த பிறகு, அந்த வாசல்களில் கம்பி வேலியும் காவலும் வந்தன. சிதறியிருந்த லயங்கள் ஒன்றாகத் திரட்டப்பட்டன.

விடுதலைக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான். அது சில தோட்டங்களைக் காப்பாற்றியது. போக்கை நிறுத்த முடியவில்லை. ரப்பர் செம்பனையாயிற்று. நகரத்தை ஒட்டிய நிலங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளாயின. ஒரு தாமானின் சாலைகள் நெடுஞ்சாலையை நோக்கி ஒரே வாய் வைத்து, உள்ளே முட்டுச் சந்துகளாக முடிகின்றன. இரண்டு தாமான்கள் ஒரே பழைய தோட்டத்து நிலத்தில் முதுகோடு முதுகு ஒட்டி நின்றாலும், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக நெடுஞ்சாலைக்கு வந்து சுற்ற வேண்டும். நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு வேலியும்தான் இருக்கும்.

4. வரைபடத்தில் சடக்கு

தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில்தான் பெரும்பாலான மிதிவண்டி மாதிரிகள் ஓடுகின்றன. அதில் தோட்டத்துச் சடக்கு மூன்று விதமாக இருக்கலாம். வரையப்படாமலே போயிருக்கலாம். மண்பாதை என்று வரையப்பட்டு, மேற்பரப்பு என்ன என்ற தகவல் இல்லாமல் இருக்கலாம். அல்லது தனியார் வழி என்று குறிக்கப்பட்டிருக்கலாம். கடைசி வகையை வழி தேடும் நிரல்கள் வழக்கமாக ஒதுக்கிவிடும். மூன்றிலும் முடிவு ஒன்றே: கணினி பயணியை நெடுஞ்சாலைக்கு அனுப்பும்.

செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்துவிடலாமே என்று தோன்றும். சென்டினல்-2இன் படத்தில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர். தோட்டத்துச் சடக்கின் அகலம் அதில் பாதிகூட இருக்காது. செம்பனை முற்றினால் ஓலைகள் மேலே கூடிச் சடக்கை மூடிவிடும். இதைவிட நல்ல சான்று பழைய தாள்களில் இருக்கிறது. மலாயா நில அளவைத் துறை மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வெளியிட்ட வரைபடங்களில் தோட்டத்துச் சாலைகள், லயங்கள், ஆலைகள் எல்லாம் உண்டு. அவற்றை ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் இன்றைய படத்தின்மேல் பொருத்தினால், ஒரு தாமானின் பின்வேலி எந்தப் பழைய சடக்கை அறுத்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பொருத்துவதில் ஒரு நுணுக்கம். அந்தத் தாள்கள் கெர்த்தாவ் என்ற பழைய அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. இன்றைய ஜிபிஎஸ் வேறு அடிப்படையில் இயங்குகிறது. மாற்றத்தைச் செய்யாமல் எண்களை அப்படியே ஏற்றினால் படம் நூறு மீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். லயத்துச் சடக்கு அடுத்த தாமானின் நடுவீட்டுக்குள் புகுந்ததுபோல் தெரியும். தேர்ந்த அளவையாளருக்கு இது அற்ப விஷயம். ஆர்வத்தோடு தொடங்கும் பள்ளி ஆசிரியரோ இளைஞர் மன்றமோ முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

வரைந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அது பொதுவழியா என்ற கேள்வி அடுத்து வருகிறது. மலேசியாவின் 1965 தேசிய நிலச் சட்டம் பதிவை அடிப்படையாகக் கொண்டது. ஒரு வழியை எத்தனை ஆண்டுகள், எத்தனை தலைமுறை பயன்படுத்தியிருந்தாலும், அந்தப் பழக்கத்தாலேயே அதன்மேல் உரிமை பிறந்துவிடாது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் நீண்ட கால நடைக்கு இருக்கும் மதிப்பு இங்கே இல்லை. நாற்பது ஆண்டுகள் அப்பா சைக்கிள் மிதித்த சடக்கைப் புதிய உரிமையாளர் ஒரே நாளில் சங்கிலி போட்டு மூடலாம். அதே சட்டம் வேறொரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது: நில நிர்வாகி, பொதுமக்கள் கடந்து செல்வதற்கான வழியுரிமையை ஒரு நிலத்தின்மேல் ஏற்படுத்த முடியும்.

ஏற்றம், தூரம், அழுத்தம் ஆகிய மூன்றையும் மாதிரிகள் எண்ணாக மாற்றிவிட்டன. நிலத்தின் சட்ட நிலையை ஒன்று அல்லது சுழியமாக மட்டுமே அவை அறியும். முன்னாள் தோட்டப் பகுதியில் ஒரு மிதிவண்டிப் பாதையின் தலைவிதி அந்த ஒன்றிலும் சுழியத்திலும்தான் இருக்கிறது.

5. யாருடைய பயணம்?

தேவை மாதிரிகளுக்குப் பயணத் தரவு வேண்டும். பிரிட்டனைப் போன்ற நுண்ணிய வேலைப்பயண அட்டவணை கையில் இல்லாத நகரங்கள் அதற்கு மாற்றாக ஸ்ட்ராவா போன்ற உடற்பயிற்சிச் செயலிகளின் பதிவுகளை நாடுகின்றன. ஸ்ட்ராவா நிறுவனம் 2014 முதல் நகர நிர்வாகங்களுக்கென்றே தன் தரவைத் தொகுத்து அளித்துவருகிறது. அதில் பதிவாகிறவர்கள் தாங்களே விரும்பிப் பதிவு செய்துகொள்பவர்கள். ஆண்களும் பயிற்சிக்காக ஓட்டுபவர்களும் அதில் மிகையாக இருக்கிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈப்போவில் அந்தப் பதிவை மட்டும் நம்பினால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தம்புன் பக்கமும் உலு கிந்தா பக்கமும் வேகமாகப் போகும் வண்டிகள் பளிச்செனத் தெரியும். வார நாளில் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் முதியவர் தெரியமாட்டார். தொழிற்சாலை விடுதியிலிருந்து வேலைக்குப் போகும் நேப்பாளியோ வங்காளதேசியோ தெரியமாட்டார். இவர்கள் தேவைக்காக மிதிப்பவர்கள். எந்தச் செயலியிலும் பயணத்தைப் பதிவு செய்யாதவர்கள்.

பள்ளிப் பயணத்தில் இன்னொரு சிக்கல். அணுகல் மாதிரிகள் ஒவ்வொரு குழந்தையையும் அதற்கு மிக அருகிலுள்ள பள்ளியோடு இணைத்துக் கணக்கிடும் வழக்கம் உண்டு. தேசியப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி என்று மூன்று வகைத் தொடக்கப்பள்ளிகள் உள்ள நாட்டில் அந்த இணைப்பு தொடக்கத்திலேயே பிழைபடும். பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றில் பல, தோட்டம் கைமாறி மக்கள் பட்டணத்துக்குப் போன பிறகும், தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. தஞ்சோங் ரம்புத்தானின் சங்காட் கிண்டிங், சுங்கை சிப்புட்டின் ஹீவூட், டோவன்பி ஆகிய பெயர்கள் இப்படிப்பட்டவை. பிள்ளைகள் வேனிலும் மோட்டாரிலும் வந்து இறங்குகிறார்கள். வீட்டுக்கு முன்னால் ஒரு பள்ளி இருக்க, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பயணத்தை மாதிரி பார்ப்பதில்லை. மிதிவண்டிக்குப் பொருத்தமான தூரம் அந்த மூன்று கிலோமீட்டர்தான்.

கோலாலம்பூரில் தரவுப் பஞ்சத்துக்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. வடிவமைப்பாளர் ஜெப்ரி லிம் 2012இல் தொடங்கிய மிதிவண்டி வரைபடத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தாங்கள் உண்மையில் ஓட்டும் வழிகளைக் குறித்தார்கள்; 2014இல் அது அச்சு வரைபடமாக வெளிவந்தது. அந்த மாநகரில் அரசுத் தரப்பின் அனுபவம் வேறாக இருந்தது. 2018 பிப்ரவரியில் உலக நகர்ப்புற மாநாட்டுக்கு முன்பாக நகர மையத்தில் ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு நீல வண்ணத் தடம் பூசப்பட்டது. கார்கள் அதன்மேல் நின்றன. மோட்டார்கள் அதில் ஓடின. வண்ணம் பூசுவதால் ஒரு சாலையின் அழுத்த நிலை மாறுவதில்லை என்பதற்கு மலேசியாவுக்குள்ளேயே கிடைத்த சான்று அது.

6. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

புந்தோங்கை எடுத்துக்கொள்வோம். கச்சான் பூத்தே என்ற பெயரில் நாடெங்கும் விற்கும் முறுக்கும் கடலையும் சுண்டலும் தயாராகும் வீடுகள் உள்ள, தமிழர்கள் திரளாக வாழும் பகுதி அது. கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்த ஈப்போ ரயில் நிலையம் பழைய நகரின் மேற்கு விளிம்பில், நகரைப் பார்த்தபடி நிற்கிறது. புந்தோங் அதன் முதுகுப் பக்கம், தண்டவாளத்துக்கு மேற்கே. நேர்க்கோட்டில் அளந்தால் மிதிவண்டிக்கு ஒரு சில நிமிடம். ஆனால் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்கள் சிலவே. அவை வேகமான வண்டிகள் நெருக்கும் பெருஞ்சாலைகள். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சேரோவின் கல்லுமலைக் கோவிலுக்குக் காவடிகள் நடக்கும்போது சாலை மக்கள் வசமாகிறது. மற்ற நாள்களில் இல்லை.

தேவை மாதிரியில் புந்தோங்குக்கும் நகர மையத்துக்கும் இடையே தூரம் குறைவு, நிலம் சமதளம். ஆகவே வாய்ப்பு அதிகம் என்று வரும். அழுத்த மாதிரியில் அதே பயணம் நான்காம் நிலையில் அறுந்து நிற்கும். எண்ணத் தெரிந்த முதல் மாதிரி பச்சைக் கோடு போடும் இடத்தில், பயத்தை அளக்கத் தெரிந்த இரண்டாம் மாதிரி சிவப்புக் கோடு போடுகிறது. அங்கு வாழ்பவர்களின் நடைமுறை எதை ஒத்திருக்கிறது என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

இருப்புப் பாதையின் அண்மைய வரலாறு இதைக் கூர்மையாக்குகிறது. ரவாங்–ஈப்போ இரட்டைப் பாதை மின்மயமாகி, 2010 ஆகஸ்டில் ஈடிஎஸ் ரயில் ஓடத் தொடங்கியது. 2015இல் பாதை வடக்கே பாடாங் பெசார் வரை நீண்டது. வேக ரயிலுக்காகப் பாதை முழுக்க வேலியிடப்பட்டது. கேட் போட்டு மூடித் திறக்கும் பழைய குறுக்குவழிகள் அகற்றப்பட்டு மேம்பாலங்கள் வந்தன. ரயில் பயணிக்கும் காரோட்டிக்கும் இது பெரிய நன்மை; உயிர்களும் காப்பாற்றப்பட்டன. சைக்கிள்காரர், கேட் திறக்கும்வரை காத்து நின்று சமதளத்தில் கடந்த இடத்தில், இப்போது லாரிகளோடு பாலத்தில் ஏறி இறங்க வேண்டும்.

மாதிரிக்கு இந்த ஏற்றம் தெரியுமா? உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் மிகுதியாகப் பயன்படுவது, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பதினொரு நாளில் ரேடாரால் அளந்தது. அப்போது இந்த மேம்பாலங்கள் இல்லை. அதன் புள்ளி அளவும் முப்பது மீட்டர். தோட்டப் பகுதியில் ரேடார் தரையைவிட மரக் கூரையையே அதிகம் அளந்தது. அதனால் பாலம் உள்ள இடம் சமதளமாகவும், சமதளமான செம்பனைக் காடு மேடாகவும் கணக்கில் வரலாம். நெதர்லாந்துச் சமன்பாட்டை எவ்வளவு நுணுக்கமாகப் பொருத்தினாலும், அதற்கு ஊட்டும் ஏற்றம் பொய்யானால் விடையும் பொய்யாகும்.

7. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். மூன்றும் எடைபோடத்தக்கவை.

வெயிலும் மழையும் முதல் மறுப்பு. ஈப்போவில் பகல் வெப்பம் வழக்கமாக 32, 33 டிகிரியைத் தொடும். பிற்பகல் மழை வாடிக்கை. ஆனால் ஸ்பெயினின் செவில் நகரில் கோடை இதைவிடக் கொடியது. அங்கே 2006 முதல் நான்கைந்து ஆண்டுகளில் 120 கிலோமீட்டர் அளவுக்குத் தடுப்புள்ள பாதைகளை ஒன்றோடொன்று இணைத்துப் போட்டபோது, மிதிவண்டிப் பயணங்கள் அரை விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 6 விழுக்காடாக உயர்ந்தன. வெப்பம் தடைதான், தீர்மானிக்கும் தடை அல்ல. மழைக்கு இந்தச் சான்று பொருந்தாது. ஈப்போவின் மாதிரியில் நிழலும் ஒதுங்குமிடமும் தனி அடுக்காகச் சேர வேண்டும். பழைய நகரின் ஐந்தடி நடைபாதைகள் அந்த வேலையைத்தான் நடப்பவர்களுக்குச் செய்துவந்தன.

இரண்டாவது மறுப்பு மோட்டார். தோட்டத்துச் சைக்கிளின் இடத்தை 'கப்சாய்' மோட்டார் பிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நாட்டில் பதிவான வண்டிகளில் கிட்டத்தட்டப் பாதி மோட்டார்கள். விலை மலிவு, தவணை எளிது, வியர்வை இல்லை. மிதிவண்டிக்குத் திரும்புங்கள் என்று மோட்டார் வாங்கிய தொழிலாளியிடம் சொல்வது அவருடைய முன்னேற்றத்தைப் பின்னோக்கித் தள்ளச் சொல்வதாகும். இந்த மறுப்பு வலுவானது. ஆனால் இதன் மறுபக்கமும் கணக்கில் வர வேண்டும். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களுமே பெரும்பான்மை. உரிமம் எடுக்க வயதில்லாத பிள்ளைகளுக்கும், ஓட்டுவதை நிறுத்திவிட்ட முதியவர்களுக்கும், மோட்டார் வாங்க வழியில்லாதவர்களுக்கும் மோட்டார் விடையும் அல்ல. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் நள்ளிரவுக்குப் பின் மாற்றியமைத்த சைக்கிள்களில் சாலையில் இருந்த எட்டுப் பதின்ம வயதினர் கார் மோதி இறந்தபோது, விவாதம் முழுவதும் யார் குற்றவாளி என்பதைச் சுற்றியே ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்த வயதுப் பிள்ளைகள் சைக்கிளை எங்கே ஓட்டலாம் என்ற கேள்வி ஓரமாகவே நின்றது.

மூன்றாவது மறுப்பு மாதிரியாளர்களிடமிருந்தே வரலாம்: பாதையைச் சரிசெய்தால் மட்டும் ஆள் வந்துவிடுவாரா? வரமாட்டார் என்பதற்குத் தமிழகத்திலேயே பாடம் உண்டு. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் கிராமப் பெண்கள் ஓட்டத் தொடங்கினார்கள். சாலை அப்படியே இருந்தது. ஓட்டலாம் என்ற துணிவும் கற்க ஏற்பாடும் புதிதாக வந்தன. எந்தத் தேவை மாதிரியும் அந்த எழுச்சியை முன்கூட்டிக் கணித்திருக்காது, ஏனென்றால் நேற்றைய பயணத்திலிருந்துதான் அது நாளைய பயணத்தைக் கணக்கிடுகிறது. புதுக்கோட்டையின் சாலைகளில் அன்று போக்குவரத்து குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெடரல் சாலை ஒன்றின் ஓரத்தில் பயிற்சி மட்டும் கொடுப்பது போதாது.

8. வேலையின் வரிசை

மேற்கண்ட சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஈப்போவுக்கு உகந்த வரிசை மேலை நாட்டுக் கையேடுகளின் வரிசைக்கு நேர்மாறாக அமைகிறது. தேவையைக் கணித்து அதற்கேற்பப் பாதை வகுப்பது அங்குள்ள முறை. இங்கே முதல் வேலை சாலை வலையைத் திருத்துவது: பழைய ஓரங்குலத் தாள்கள், லயத்தில் வளர்ந்தவர்களின் நினைவு, ஜிபிஎஸ் பதிவு ஆகிய மூன்றையும் ஒத்துப்பார்த்து வரைவது. இரண்டாவது, ஒவ்வொரு துண்டுக்கும் அழுத்த நிலை குறிப்பது. மேம்பாலங்களின் ஏற்றத்தை நேரில் அளந்து கையால் சேர்ப்பது. மூன்றாவது, எந்தெந்த அறுந்த இடத்தை ஒட்டினால் அமைதியான தீவுகள் அதிகம் இணையும் என்று கணினியிடம் கேட்பது. தலைக்கணக்கு நான்காவதாக வந்தால் போதும்.

முதல் வேலையில் ஓர் ஆபத்து உண்டு. உரிமையாளர் கண்டும் காணாமல் விட்டிருக்கும் வழியைப் பொது வரைபடத்தில் ஏற்றினால், அதுவே சங்கிலி போட அவருக்குக் காரணமாகலாம். ஸ்ட்ராவாவின் உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகள் தெரியவந்தது 2018 ஜனவரியில் செய்தியானது. யார் எங்கே நடமாடுகிறார்கள் என்ற தகவலுக்குக் கூர்மையான இரண்டாம் முனை உண்டு. ஆவணமில்லாத வெளிநாட்டுத் தொழிலாளிகளின் வழிகளைக் குறிக்கும்போது இது வெறும் கோட்பாட்டுக் கவலை அல்ல. ஆகவே பயணிகளின் அடையாளத்தை விட்டு, அறுந்த இடங்களின் பட்டியலை மட்டும் வெளியிடுவது தகும்.

அந்தப் பட்டியலைக் கொண்டுசெல்ல இடமும் இருக்கிறது. 1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு ஆட்சேபம் கேட்கப்படுகிறது. தோட்ட நிலம் தாமானாக மாறும் நேரத்தில், பின்வேலியில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு வேண்டும் என்று வரைபடத்தோடு கேட்பது மிக மலிவான கோரிக்கை. வீடுகள் எழுந்த பிறகு அதே திறப்புக்கு நிலம் எடுக்க வேண்டியிருக்கும். நில நிர்வாகியின் வழியுரிமை ஆணை வேண்டியிருக்கும். ரயில் நிலையத்தின் முதுகுப் பக்கத்திலிருந்து புந்தோங்குக்கு நடையும் மிதிவண்டியும் மட்டும் செல்லும் ஒரு கடப்பு கிடைத்தால், இரண்டாம் நிலைக்குள் நிலையத்தை அடையக்கூடிய வீடுகள் எத்தனை கூடும் என்பதை ஒரு மடிக்கணினியில், இலவச மென்பொருளில், இப்போதே கணக்கிடலாம். ஈப்போ மாநகர் மன்றத்தின் முன் வைப்பதற்கு ஏற்ற முதல் எண் அதுவாக இருக்கக்கூடும்.